கொடி ஏன் அசைந்தது?

இலக்கியத்தில் அணிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பௌதிகம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளையும் அடுக்கினால் இலை போட நேரமாகிவிடும். ஆகவே ஒன்றே ஒன்று: தற்குறிப்பேற்றம். வடமொழியில் உத்பிரேக்ஷை. நம் பாலக்காட்டுப் பிள்ளைகள் மலையாளப் பாடத்தில் உல்ப்ரேக்ஷ என்று படிப்பதும் இதுதான். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவி தன் மனத்திலுள்ள காரணத்தை ஏற்றிச் சொல்வது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த உதாரணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடிகள், வரவேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைகின்றன.

எனக்கு இதில் பிடித்தது காற்று. மதுரை எரிந்தது ஆடி மாதம் என்று காவியமே சொல்கிறது. ஆடிக் காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. தெற்கே குமுளிப் பக்கம் மலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றும் லேசுப்பட்டதல்ல. அங்கே, இடுக்கி–தேனி எல்லையில், மங்கலதேவி மலைமேல்தான் கண்ணகி கோயில். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டுக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களை விடுகிறார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உயர்வு நவிற்சி. கொடி பறப்பது நிஜம். காரணம் மட்டும் இளங்கோவடிகளுடையது.

அதே இடத்தில் வைகையும் வருகிறாள். இவர்களுக்கு நேரப்போவதை அறிந்தவள்போல், கண்ணீரைப் பூப்போர்வைக்குள் மறைத்துக்கொள்கிறாள். கரைச்சோலைப் பூக்கள் உதிர்ந்து நீரை மூடியிருந்தன, அவ்வளவுதான் விஷயம். (இன்றைய வைகைக்கு 1895 முதல் பெரியாற்று அணைத் தண்ணீர் கைகொடுக்கிறது. அது வேறு கதை.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் அங்கத்தினர்கள் பல ஊர்களிலிருந்தும் தங்கள் கிராமத்தைப் பற்றி எழுதுகிறார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் அக்ரஹாரம் கண்ணீர் வடிக்கிறது. அழுகை கேட்கிறது, வீடு தெரியமாட்டேன் என்கிறது! கார் நிறுத்துவதற்காக இடித்த திண்ணை, பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போடும் பக்கத்தாத்து மாமி, ஓடு சரிந்து நடுமுற்றத்தில் சொட்டும் மழை, இவற்றை முதலில் எழுதுங்கள். சொட்டுகிற ஓட்டைக் காட்டிவிட்டு, வீடு அழுகிறது என்று சொன்னால் நானும் சேர்ந்து அழுவேன். நமக்கு அந்த வீடுகள் கண்ணில் நிற்கின்றன. ஒரு வார்த்தை போதும். நியூ ஜெர்ஸியில் பிறந்த பேரனுக்கு நாம் எழுதிவைப்பதைத் தவிர வேறு வீடு கிடையாது. பத்து வருஷம் போனால் நமக்கே திண்ணை எத்தனை முழம் என்று மறந்துவிடும்.

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர். எழுத நினைப்பவர்கள் வடத்தையும் வெயிலையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தேரைத் தள்ளும். அது என்ன நினைத்துத் தள்ளுகிறது என்பதை மட்டும் உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.