அய்யா போட்ட பச்சைத் துண்டு

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அரசுகளின் பொருளாதார முடிவுகளும் நமது கரிசல் மண்ணும்' என்பது. முப்பத்தைந்து வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவனுக்குப் பொருளாதாரம் என்றால் வராக்கடன் ஒன்றுதான் தெரியும். "அரசியல் பேசலாமா?" என்று கேட்டேன். "அரசியல் பேசுங்க, கட்சி மட்டும் வேண்டாம்" என்றார். கடம்பூர்க்காரனிடம் இப்படி ஒரு நிபந்தனையா! எங்கள் ஊர் ஸ்டேஷனில் வாங்கின போளி ஆறுவதற்குள் இரண்டு மந்திரிசபையைக் கவிழ்த்துவிடுவோம். ஆகவே கட்சியும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் குடும்பத்தில் இருந்தே தொடங்குகிறேன். என் அய்யா மானாவாரிச் சம்சாரி. உளுந்து, பாசி, சோளம், பருத்தி. புரட்டாசியில் வானத்தைப் பார்ப்பார். மழை இறங்கினால் விதைப்பார். இறங்காவிட்டால் கடன் வாங்குவார். என் தாய்மாமா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினவர், அப்பழுக்கில்லாத கம்யூனிஸ்ட். கோவில்பட்டித் தொகுதியின் கதை உங்களுக்குத் தெரியும். சோ. அழகர்சாமி அவர்கள் 1967, 1971, 1977, 1980, 1989 என்று ஐந்து முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்ற தொகுதி. 1996-லும் 2001-லும் அதே கட்சிதான். அந்தக் கதிர் அரிவாளுக்குப் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1971-இல் தி.மு.க., 1977-இல் காங்கிரஸ், 1980-இல் எம்.ஜி.ஆர்., 1996-இல் மறுபடி தி.மு.க., 2001-இல் அ.தி.மு.க. மாமா சொல்வார்: "நான் மாறலைடா மருமகனே. எனக்குப் பக்கத்துல நிக்கிறவந்தான் மாறிக்கிட்டே இருக்கான்."

அய்யா அப்படி இல்லை. காமராஜர் காலத்துக் காங்கிரஸ்காரர். எழுபதுகளின் கடைசியில் தோளில் பச்சைத் துண்டு போட்டார். நாராயணசாமி நாயுடு அவர்களின் விவசாயிகள் சங்கம் அப்போது கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து நம் பக்கமும் பரவியிருந்தது. 1972-இல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிரப்பி மறித்த சங்கம் அது. முக்கியக் கோரிக்கை பம்பு செட்டு மின்கட்டணம். அடுத்தது கடன் தள்ளுபடி, ஜப்தி நிறுத்தம். 1980 டிசம்பர் 31-ஆம் தேதி குறிஞ்சாக்குளத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் செத்தார்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் காட்டில் கிணறே கிடையாது. மாமா ஒரு நாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, நாலு பேர் முன்னால், "மோட்டாரே இல்லாத மனுஷனுக்குக் கரண்டு பில்லைப் பத்தி என்ன பேச்சு? நீங்க கொடி பிடிக்கிறது கிணத்துக்காரனுக்கு" என்று கேட்டுவிட்டார். அய்யா எழுந்து உள்ளே போனவர்தான். மூன்று வருஷம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அம்மா தன் அண்ணனை ரயிலடியில் வைத்துத்தான் பார்த்துவிட்டு வருவாள்.

அய்யா ஏன் அந்தத் துண்டைப் போட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. ஒரு வறட்சி வருஷத்தில் கடன் பாக்கிக்கு ஜப்திக்கு வந்து, வீட்டில் இருந்த பித்தளை அண்டாவைத் தெருவில் இறக்கினார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மறித்து நின்று அண்டாவைத் திரும்ப உள்ளே வைத்தவர்கள் பச்சைத் துண்டுக்காரர்கள் நாலு பேர். அய்யாவின் பொருளாதாரம் அவ்வளவுதான். நான் இங்கே மூன்று வருஷம் படித்ததில் அந்த அண்டா எந்தப் பாடத்திலும் வரவில்லை.

1984 டிசம்பர் 21. தேர்தலுக்கு மூன்றே நாள். பிரசாரத்துக்கு வந்திருந்த நாயுடு அவர்கள் இதே கோவில்பட்டியில் காலமானார். படிப்பு முடிந்து வேலையில்லாமல் இருந்த நான் அய்யாவோடு வந்தேன். கூட்டத்தில் தூரத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார், கையில் சிவப்புத் துண்டோடு. இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் மாமா எங்களுக்காக நின்று, ஒரே பஸ்ஸில் கடம்பூர் வரை வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

1990-இல் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று அறிவித்தது. அதற்கு முன்பே எம்.ஜி.ஆர். காலத்தில் சிறு விவசாயிகளுக்குக் கிடைத்திருந்தது. யார் கொடுத்தது என்ற சண்டை இன்றுவரை டீக்கடையில் ஓடுகிறது. 2003-இல் ஜெயலலிதா அம்மையார் அரசு மீண்டும் கட்டணம் கொண்டுவந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த அணி நாற்பதும் தோற்ற கையோடு அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அதைத் தொடத் துணியவில்லை. மின்வாரியம் நஷ்டம், நிலத்தடி நீர் கீழே போகிறது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள், அதிலும் உண்மை உண்டு. கிணற்றுப் பாசனக்காரன் பிழைத்துக் கிடக்க அதுதான் காரணம் என்பதும் உண்மை. எங்கள் அய்யா சொன்னது வேறு: "வானத்துக்கு ஒரு மோட்டார் வச்சாச் சொல்லு, நானும் சுவிட்சுப் போடுறேன்." அவர் கொடி பிடித்த கோரிக்கை ஜெயித்தது. அவருக்கு அதில் ஒரு யூனிட் கிடைக்கவில்லை. வருத்தமும் படவில்லை. மானாவாரிக்காரனுக்கு என்று ஒரு பெரிய திட்டம் 2016-இல் வந்த பயிர்க் காப்பீடுதான் என்பேன். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது அதன் அருமையும் தெரிந்தது, அலைச்சலும் தெரிந்தது. அதைப் பார்க்க அய்யா இல்லை.

இனி என் பக்கத்துக் கணக்கு. பாங்கு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்த தள்ளுபடிகள் பல. 1990-இல் வி.பி. சிங் அரசின் பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடி. 2006-இல் மாநில அரசின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி. 2008-இல் மன்மோகன் சிங் அரசு. 2016-இலும் 2021-இலும் அ.தி.மு.க. அரசு. ஆக, தள்ளுபடி செய்யாத பெரிய கட்சி இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதைக் குறை சொல்லாத கட்சியும் அபூர்வம்.

2008 தள்ளுபடிக்கு ஒரு விதி. 2007 டிசம்பர் 31-இல் தவணை தவறியிருக்க வேண்டும். 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமல் இருக்க வேண்டும். நான் அப்போது இருந்த கிளையில் ஒரு பாட்டி. ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், காதில் கிடந்த பாம்படத்தை விற்று, முழுக்கடனையும் கட்டி, ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு போனார். கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியவன் நான்தான். ஆறு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. பாட்டி திரும்ப வந்தார். சண்டை போடவில்லை. தொங்குகிற வெறுங்காதோடு கவுண்டரில் நின்று, "நான் தப்புப் பண்ணிட்டனாய்யா?" என்று கேட்டார். எனக்கு விதி தெரியும், சுற்றறிக்கை எண் தெரியும், பதில் தெரியவில்லை. கையைத் தவிர வேறெதற்கும் ஓட்டுப் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அவரைக் கட்சி மாறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தீப்பெட்டிக்கு வருகிறேன். 1922-இல் வெள்ளைக்கார அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தியது. அந்த நிழலில் வளர்ந்தது நம் தொழில். 1934-இல் அதே அரசாங்கம் உள்நாட்டுத் தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு உற்பத்தியின் அளவைப் பார்த்து வகுப்புப் பிரித்து, சின்ன ஆபீஸுக்குக் குறைந்த வரி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? ஒரே ஆபீஸ் காகிதத்தில் மூன்று ஆபீஸ் ஆனது: ஒன்று மகன் பேரில், ஒன்று மருமகன் பேரில், ஒன்று மச்சினிச்சி பேரில். மாமா அந்த மூன்று கணக்கையும் ஒரே கையெழுத்தில் எழுதினவர். "புரட்சி வரும்வரைக்கும் இதுவும் எழுதணுமே" என்பார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கைத்தயாரிப்புக்கு 5 சதவீதம், இயந்திரத் தயாரிப்புக்கு 18 சதவீதம். என் வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் வேண்டாம், அவன் அப்பா காலத்து ஆபீஸில் கட்டை அடுக்க ஆள் கிடைக்காமல் அப்போதுதான் மெஷின் போட்டிருந்தான். "கடன் வாங்கிப் போடுடா, இனி மெஷின்தான்" என்று யோசனை சொன்னவன் நான். அவன் தலையில் 18 விழுந்தது. அந்த வருஷக் கூடுகையில், இதே வராந்தாவில், அவன் புலம்பியபோது நான் டீ கிளாஸை வைத்துக்கொண்டு சொன்னேன்: "நீ ஓட்டுப் போட்ட ஆளுங்கதானே கொண்டாந்தாங்க? அனுபவி." சுற்றி நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எந்தக் கூடுகைக்கும் வரவில்லை.

2020 ஏப்ரலில் இரண்டு வகைக்கும் ஒரே 12 சதவீதம் என்று ஆக்கினார்கள். அவனுக்கு ஆறு குறைந்தது. பக்கத்துக் கைத்தயாரிப்பு ஆபீஸ்காரருக்கு ஏழு கூடியது. அரசு ஒன்று, முடிவு ஒன்று, காம்பவுண்டுச் சுவர் ஒன்று. ஒருவர் அந்த அரசை வாழ்த்தினார், ஒருவர் சபித்தார். இருவரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். (2025 செப்டம்பரில் அந்த 12 சதவீதப் படியே எடுக்கப்பட்டுவிட்டது.) இதற்கிடையில் 2021 டிசம்பரில் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டி, நூறு வருஷம் கழித்து வெளிநாட்டு லைட்டர்!

2016 சட்டமன்றத் தேர்தலில் கோவில்பட்டித் தொகுதியின் வித்தியாசம் 428 ஓட்டு. தம்பி தங்கைகளே, அந்த 428 பேர் யார் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு பாம்படம், ஒரு மெஷின் கடன், ஒரு அண்டா, இப்படித்தான் இருந்திருக்கும். "எந்தக் கட்சி?" என்று கேட்பதற்கு முன் "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் என் வகுப்பில் ஒரு நாற்காலி எட்டு வருஷம் காலியாக இருந்திருக்காது.

அந்த நாற்காலி இன்று காலியாக இல்லை. காலையில் நான் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன், கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். தலை முழுக்க நரைத்துவிட்டது. டேய், எட்டுப் பேர் முன்னால் சொன்னதை எண்ணூறு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடாதே. கடம்பூர்ப் போளி இரண்டு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறேன், உன் ஆபீஸ் கணக்கை நீ சொல்லு, நான் கேட்கிறேன்.