படிப்பவரைப் படிக்கும் திரை
(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





1883ஆம் ஆண்டில் நம் பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழ் வெளிவந்தது. நடத்தியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். அதை வாங்கியவர் எந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார், எதைப் பாதியில் விட்டார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் தெரியாது. (நம் கடைகளில் ஒரு பத்திரிகை பத்துப் பேர் கைக்குப் போகும். அந்தக் கணக்கை எவரால் எழுத முடியும்!) இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளை ஓர் ஆய்விதழைத் திரையில் திறந்தால், இவை அத்தனையும் பதிவாகக்கூடும்.

எப்படி என்று சொல்கிறேன். முன்பு நூலகம் இதழை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்தது. இப்போது சந்தா மட்டும் கட்டுகிறது. இதழ் பதிப்பகத்தாரின் கணினியிலேயே இருக்கிறது. நூலகத்தின் வழியாக நுழைந்தால் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் அங்கே தெரியும். ஆனால் உள்ளே போனதும், “இலவசமாகப் பதிவு செய்யுங்கள், உங்கள் கட்டுரைகளைச் சேமித்துத் தருகிறோம்” என்று ஒரு பெட்டி வரும். பிள்ளை பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடும். அதன் பிறகு தேடிய சொல், திறந்த கட்டுரை, இறக்கிய நேரம் எல்லாம் அந்தப் பெயரின் கீழ் சேரலாம்.

நெதர்லாந்தின் எல்செவியர் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்களை அதுவே வெளியிடுகிறது. நம் விரிவுரையாளர்கள் பதவி உயர்வுக்காகக் கவலைப்படும் ஸ்கோபஸ் அட்டவணையும் அதனுடையது. கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் மெண்டலியை 2013இலும், முன்வரைவுகளைப் பகிரும் எஸ்எஸ்ஆர்என் தளத்தை 2016இலும் வாங்கியது. அதன் தாய் நிறுவனமான ரெலெக்ஸின் இன்னொரு கை, லெக்சிஸ்நெக்சிஸ். தனிமனிதர் விவரங்களைத் திரட்டி விற்கும் அந்தக் கை, அமெரிக்கக் குடிநுழைவு அமலாக்கத் துறைக்கும் விற்றது. வாசகர் பதிவுகள் அங்கே போகின்றன என்று நான் சொல்லவில்லை. இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன என்றுதான் சொல்கிறேன். 2022இல் ஓர் ஆய்வாளர், அந்நிறுவனத்திலிருந்து இறக்கும் ஒவ்வொரு பிடிஎஃப் பிரதியிலும் தனித்தனி அடையாளக் குறி இருப்பதைக் கண்டு வெளியிட்டார். பாதுகாப்புக்காக என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இருக்கலாம். கேட்காமல் வைத்த குறி, குறிதான்.

“நம் பிள்ளை தப்பாக எதையும் படிக்கவில்லையே, பயம் எதற்கு?” என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் முதுகலை மாணவி ஒருவர், பயங்கரவாதக் குழுக்கள் தொடர்பான 12 நூல்களை வைத்திருந்ததற்காக 2016இல் குற்றஞ்சாட்டப்பட்டார். ஆய்வுக்காக வைத்திருந்ததாக அவர் தரப்பு சொன்னது. உயர் நீதிமன்றம் முதலில் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2017இல் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவது என் வேலையல்ல. அலமாரியில் இருந்த நூல் சாட்சியாக வந்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அலமாரி இப்போது கடல் கடந்த ஒரு கணினியில் இருக்கிறது.

கல்விச் சுதந்திரம் என்றால் பேசுவதையும் எழுதுவதையும்தான் நினைக்கிறோம். சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம் ஒரு செய்தித்தளத்துக்குச் சொன்ன கருத்துக்காக 2014இல் தேச நிந்தனைக் குற்றச்சாட்டைச் சந்தித்தார். 2016இல் அது கைவிடப்பட்டது. அது வாய் திறந்து சொன்ன சொல். ஒருவர் வாய் திறக்கும் முன்பே, என்ன யோசிக்கிறார் என்பதை அவர் படிக்கும் பட்டியல் காட்டிவிடும். அந்தப் பட்டியலுக்கு அஞ்சும் மாணவன் தலைப்பையே மாற்றிக்கொள்வான். அவன் எழுதாமல் விட்ட ஆய்வேடு எந்தத் தடைப் பட்டியலிலும் வராது. பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய வேண்டாம் என்று அல்-ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது.

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது. 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். கூட்டரசு, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே முழுக் குடை என்று நம்பி மழையில் இறங்க வேண்டாம்.

மாணவர்களே, நூலகக் கணக்கின் வழியாகவே படியுங்கள். தேவையில்லாத இடத்தில் பெயரைப் பதியாதீர்கள். நெருடலான தலைப்பு என்றால், மேற்பார்வையாளரின் ஒப்புதலை முதல் நாளே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செயலவைக்கும் ஒரு வேண்டுகோள். நம் 50 ஆண்டுப் பதிவேடுகளை மின்வடிவமாக்கி ஆய்வாளர்களுக்குத் தரலாம் என்ற பேச்சு இருக்கிறது. நல்ல யோசனை, கூட்டக் குறிப்புகள், கணக்குகள், பழைய படங்கள் எல்லாம் போகட்டும். ஆனால் உறுப்பினர் பாரங்களில் அடையாள அட்டை எண், முகவரி, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் இருக்கின்றன. சங்கத்தை நம்பிக் கொடுத்த அமானிதம் அது. உயிரோடு இருப்பவர்களின் அந்த வரிகளை மறைத்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள். அந்த வேலைக்கு இரண்டு இளைஞர்களும் ஒரு மேசையும் கொடுத்தால், சனிக்கிழமைகளில் நானும் வந்து உட்காருகிறேன்.