வீடே பள்ளியான நாளில்

  

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஆந்திர அரசு சப்தகிரித் தொலைக்காட்சி வாயிலாகப் பாடம் நடத்திற்று. ஏழுமலையின் பெயர் தாங்கிய அந்நிலையம் பேசுவதோ தெலுங்கு. நகரி, சத்தியவேடு பக்கங்களில் தமிழ்வழி பயின்ற ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் செய்வர்? தமிழகத்தில் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடம் சொல்லிற்று. ஆயின் அது தமிழகத்தின் பாடத்திட்டம். பின்னக் கணக்கு எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. மற்றப் பாடங்கள் அப்படியா? கைப்பேசி வழியே கற்கலாமெனில், வீட்டுக்கு ஒன்றே இருந்தது. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போயிற்று.

கணக்கில் விட்டதைப் பின்னர்ப் பிடிக்கலாம். நான் அஞ்சுவது வேறொன்று. சென்னைச் சிறுவனுக்குப் பேருந்துப் பலகையும் தமிழ் கற்பிக்கும். இங்கோ பலகைகள் பெரும்பாலும் தெலுங்கு. வீட்டில் பேச்சுத் தமிழ் உண்டு; எழுத்துத் தமிழுக்குப் பள்ளி ஒன்றே புகலிடம். அது மூடியபோது பேச்சு நின்றது, எழுத்து நழுவிற்று. வாய் நிறையத் தமிழ் பேசும் பிள்ளை, ஒரு பத்தியைப் படிக்க எழுத்துக் கூட்டித் திணறுவது சிறு இழப்பா?

அவர்தம் தம்பி தங்கையர் இன்று அதே வகுப்புகளில் உள்ளனர். நம் சங்க நூலகத்தை ஞாயிறுதோறும் அவர்களுக்குத் திறந்துவிடுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறேன். கதை நூல்கள் கீழ்த்தட்டில், சிறுவர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.