மண் தந்த பொருளும் அதன் மதிப்பும்

(ஜூபிலி விழாவை முன்னிட்டு, ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் மஞ்சள் பை ஒன்றுடன் நம்மைத் தேடி வந்தார். தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டியபோது அகப்பட்டவையாம்: கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் நாலைந்து, பச்சைக் கண்ணாடிப் புட்டி ஒன்று, செப்புக் காசு ஒன்று. காசைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று கொண்டு வந்திருந்தார். "சாமி, இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டார். அன்று அவருக்கு நாம் சரியாக விடை கூறவில்லை. இன்று உங்கள் அனைவர் முன்பும் கூற விழைகிறோம்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் பணியாற்றினோம். குருமனையின் கொல்லையைச் சீர்செய்கையில் பழைய குப்பைக் குழி ஒன்றில் புட்டிகள் சாக்குக் கணக்கில் கிடைத்தன. அவற்றைப் பழைய இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிட்டோம். பின்னர் அப்பங்கின் வரலாற்றை எழுத அமர்ந்தபோதுதான் நெஞ்சு சுட்டது. முன்னோடிக் குருக்கள் என்ன மருந்து உண்டார்கள், திராட்சை இரசத்தை எங்கிருந்து தருவித்தார்கள் என்று கூற ஒரு தடயமும் இல்லை. நாம் தேடிய ஏடு அந்தக் குழியில்தான் இருந்தது.

புட்டியையும் ஏடு போலப் படிக்கலாம். அதன் பக்கவாட்டில் ஓடும் வார்ப்புக் கோட்டைப் பாருங்கள். கோடு வாய் விளிம்பு வரை ஏறினால் பெரும்பாலும் அது இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது பழையது. கோலி சோடாப் புட்டிக்கு இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்றது 1872-ஆம் ஆண்டில். ஆகவே எந்தக் கோலிப் புட்டியும் அதற்கு முந்தியதாக இராது.

இனிப் பானை ஓடு. உட்புறமும் வாய்ப்புறமும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருந்தால் அது கறுப்பு சிவப்பு மட்கலம். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டபடியால், காற்றுப் படாத உட்புறம் கறுத்தது; காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. முதுமக்கள் தாழிகளிலும் பழைய குடியிருப்புகளிலும் கிடைப்பது இதுவே. சந்தையில் இதற்குக் காலணா விலை கிடையாது. ஆனால் கீழடியில் ஆதன் என்ற பெயரை நமக்குக் காட்டியது இத்தகைய உடைந்த ஓடுதான்.

அன்பர் கொண்டு வந்த காசு புதுக்கோட்டை அம்மன் காசு. ஒரு புறம் பிரகதாம்பாள் உருவம், மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரி நாட்களில் மன்னர்கள் அரிசியோடு இக்காசையும் வழங்கி வந்தார்கள். புளி போட்டுத் துலக்கியதில் எழுத்துப் பாதி தேய்ந்துவிட்டது. பழங்காசைத் துலக்கவே கூடாது.

நம் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியை நினைவுகூருங்கள். 1898-ஆம் ஆண்டில் அங்கே 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகுஸ்து முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. விலை பேசுபவர் அதைப் பழுது என்பார். ஆராய்ந்தவர்களுக்கோ அந்த வெட்டே செய்தியாயிற்று. இவை இங்கே நாணயமாகச் செல்லாமல், எடை பார்த்துப் பொன்னாகக் கைமாறியிருக்க வேண்டும் என்று கருத அது இடங்கொடுத்தது. காசுகள் ஒருசேர அகப்பட்டு, எண்ணி ஆராயப்பட்டதால் அல்லவா இது தெரிய வந்தது? ஆளுக்கொன்றாக உருக்கியிருந்தால் தாலியும் தோடும் மிஞ்சியிருக்கும்; வரலாறு மிஞ்சியிராது.

அண்டையிலுள்ள பொற்பனைக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு மாநிலத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தியபோது சிறியதொரு பொன் தோடு கிடைத்தது. எடை ஒரு கிராமில் கால் பங்கு அளவுதான். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்று குறித்து வைத்தார்களே, அதுவே அதன் மதிப்பு. இடத்தை இழந்த பொருள், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளையைப் போன்றது. இன்னாருடையது என்று சொல்ல ஆளிராது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையுண்டு. அறிவித்து, உரியவர் எவரும் இல்லையென்றானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்துக் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமம் இன்றி வாணிபம் செய்வதையும் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதையும் தடுக்கிறது. ஆகவே இரவில் வந்து ரொக்கம் நீட்டும் தரகரை நம்பாதீர்கள்.

மண்வெட்டியில் ஏதேனும் தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். இருந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, திருக்கோகர்ணத்தில் 1910-ஆம் ஆண்டு முதல் விளங்கி வரும் அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள்.

விலையற்ற செல்வத்தை மண்பாண்டங்களில் ஏந்தியிருக்கிறோம் என்றார் புனித சின்னப்பர். பாண்டம் எளியதாயினும் அது தாங்கி நிற்பது பெரிது. இந்த ஜூபிலி ஆண்டில் பங்கு அலுவலகத்தில் நோட்டுப் புத்தகம் ஒன்று வைக்கிறோம். பொருளை எமக்குத் தர வேண்டாம். எங்கே, எப்போது, எப்படிக் கண்டீர்கள் என்பதை மட்டும் வந்து எழுதுங்கள். மஞ்சள் பை கொண்டு வந்த அன்பர் முதல் பக்கத்தை எழுதிவிட்டார். நாமும் நமக்குத் தெரிந்த மட்டில், பேரீச்சம்பழத்துக்குப் போன அந்தப் புட்டிகளை இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!