மொத்த அங்காடியில் சிறு வாடிக்கையாளர்

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



தில்லியில் சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில், பதேபுரி மசூதியை ஒட்டி, காரி பாவ்லி என்னும் மளிகை மொத்த அங்காடி அமைந்துள்ளது. உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அப்பெயரின் பொருள். கிணறு மறைந்துவிட்டது, அங்காடி நிலைத்துவிட்டது. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மாமல் அத்தெருவைக் கடப்பது அரிது.

திருமணத்தையோ தீபாவளியையோ முன்னிட்டு முந்திரியும் வாதுமையும் வாங்க வரும் குடும்பத்தினரைப் பற்றி எனக்கு அதிகக் கவலையில்லை. ஏமாற்றப்பட்டால் அவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. கையில் முறையான ரசீது இருக்க வேண்டும், அவ்வளவே. பெரும்பாலும் கிடைப்பது துண்டுச் சீட்டுத்தான் என்பது வேறு விஷயம்.

என் கவலை, குடியிருப்புப் பகுதியில் சிறு கடை வைத்திருப்பவரைப் பற்றியது. சரக்கெடுக்க வருவதற்காக அவர் அரைநாள் கடையை மூட வேண்டியிருக்கிறது. கூரிய இரும்புக் குழலால் மூட்டையைக் குத்தி, ஒரு பிடி பருப்பை அவர் உள்ளங்கையில் கொட்டுகிறார்கள். அவர் நிறம் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், ஒன்றிரண்டைக் கடித்தும் பார்க்கிறார். விலை படிகிறது. ஆனால் மூட்டை வருவதோ பின்புறக் கிடங்கிலிருந்து! சுமைகூலி, வண்டி வாடகை இரண்டும் சேர்ந்தபின், மொத்த விலையின் சலுகை ஓரிரு மூட்டை வாங்குபவருக்குப் பெரிதும் கரைந்துவிடுகிறது. கடனுக்கு வாங்கினாலோ, வட்டி என்ற சொல் வாயில் வராது. அது விலையிலேயே ஒளிந்திருக்கும். இச்செலவுகள் அனைத்தும் இறுதியில், அன்றாடக் கூலி பெற்று நூறு கிராம் பருப்பு வாங்கும் தொழிலாளியின் தலையில் விழுகின்றன.

வரிவிதிப்பிலும் இதன் சாயல் உண்டு. சிப்பமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு முதலியவற்றின்மீது 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. உடனே 26 கிலோ அரிசிப் பைகள் சந்தையில் தோன்றின. வணிகரின் சமயோசிதத்தை வியக்கலாம். ஆனால் 26 கிலோவுக்கு ஒரே தவணையில் பணம் தரக்கூடியவர் எவர் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதிரி ஒன்று, சரக்கு வேறு என்றால் சிறு கடைக்காரர் எங்கே முறையிடுவார்? மறுவிற்பனைக்காக வாங்குபவர் ‘நுகர்வோர்’ அல்லர் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் விலக்கிவிடுகிறது. மாதிரியைக் காட்டி விற்ற சரக்கு தரத்தில் அம்மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கூறுவது உண்மையே. எனினும் ஒரு மூட்டைத் துவரைக்காக உரிமையியல் நீதிமன்றம் ஏறுபவர் உண்டா?

எடைக் குறைவு எனில் சட்டமுறை எடையளவு ஆய்வாளரிடம் அவரும் புகார் செய்யலாம். கலப்படம் எனில், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கச் செய்யலாம். இவ்விரு வழிகளையும் அங்காடியின் நுழைவாயிலிலேயே இந்தியில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அதனருகே, எவரும் தம் மூட்டையை நிறுத்துப் பார்க்கக்கூடிய பொது எடைமேடை ஒன்றையும் நிறுவலாம்.