நன்னாரி வேரும் நம் சங்கமும்

இன்று பட்டம் பெறும் இளம் சித்த மருத்துவர்களே, முதலில் உங்கள் பெற்றோர்களுக்கு ஒரு வணக்கம். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் ஐந்தரை ஆண்டுகளாகப் பதில் சொல்லி வந்தவர்கள் அவர்கள்தாம்.

இந்த வாரத்திற்குள் உங்களில் பலரிடம் யாராவது ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். "எங்கள் சங்கத்தில் சேருங்கள் டாக்டர்" என்பார். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார், வேறொரு சங்கத்தின் பெயரைச் சொல்லி. பட்டதாரிகளுக்கு ஒன்று, பரம்பரை வைத்தியர்களுக்கு ஒன்று, வர்ம ஆசான்களுக்கு ஒன்று, மருந்து செய்வோருக்கு ஒன்று எனப் பிரிந்து கிடக்கிறோம். இத்தனை சங்கங்கள் இருந்தும் நம் துறைக்கு ஒரு குரல் இல்லை. அந்த ஒரு குரல் எப்படி உருவாகும் என்பதைத்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். என் பணிக்காலத்தில் பாதி இந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

நான் பாளையங்கோட்டையில் படித்தவன். 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. மருந்துச் சரக்குகளைப் பற்றிய குணபாடம் கற்பித்த எங்கள் பேராசிரியர் வகுப்பறையில் அதிகம் பேச மாட்டார். குற்றாலம் மலைக்கு அழைத்துப் போய், செடியைக் காட்டி, இலையைக் கசக்கி முகரச் சொல்லிவிட்டு, "பெயரை அப்புறம் சொல்கிறேன், முதலில் பார்" என்பார். விடுதிக்குத் திரும்பும்போது பை நிறைய வேரும் பட்டையும் இருக்கும். இரவெல்லாம் எது என்ன என்று சண்டை போடுவோம். பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அந்தச் சண்டையில் கற்றது அதிகம்.

பிறகு ஒரு தாலுகா மருத்துவமனையின் சித்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பகுதியில் பட்டதாரி மருத்துவர்கள் சிலர், இந்திய மருத்துவ முறையினருக்கான ஆர்.ஐ.எம்.பி. பதிவு பெற்ற பெரியவர்கள் பலர், மேற்கே மலையடிவாரத்தில் வர்மமும் எலும்பு முறிவும் பார்க்கும் ஆசான்கள். எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. மாதம் ஒருமுறை கூடினோம். சங்கத்திற்கு என்ன பெயர் வைப்பது, பேனரில் யார் படம் போடுவது, மேடையில் யார் நடுவில் உட்காருவது என்பதிலேயே மாதங்கள் ஓடின. பட்டதாரிகள் ஒரு பக்கம் உட்காருவார்கள், ஆசான்கள் கதவோரம் நிற்பார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம்.

ஒருநாள் ஒரு பெரியவர், தான் காய்ச்சும் நன்னாரி மணப்பாகு முன்போல் வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டார். சரக்கில்தான் கோளாறு என்றார் இன்னொருவர். என் கடைச் சரக்கு நல்ல சரக்கு என்றார் மூன்றாமவர். சரி, அடுத்த கூட்டத்திற்கு எல்லோரும் அவரவர் வாங்கும் நன்னாரி வேரைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். தரையில் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு பொட்டலமும் எந்த நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது என்று பென்சிலால் எழுதி வைத்தோம். அறை முழுக்க ஒரே மணம். எல்லாமே நன்னாரி என்றுதான் மூக்கு சொன்னது. கதவோரம் நின்ற வயதான ஆசான் ஒருவர் முன்னே வந்து குந்தினார். "மணத்தை நம்பாதீங்க ஐயா. முறிச்சுப் பாருங்க" என்று ஒவ்வொன்றாக முறித்தார். மெல்லியதாக, நடுவில் கட்டை போல் உறுதியாக இருந்தவற்றை ஒரு பக்கம் வைத்தார். பருத்து, சதைப்பற்றாக இருந்தவற்றை மறுபக்கம் தள்ளினார். தள்ளியவை மாகாளிக் கிழங்கு. ஊறுகாய் போடுகிறோமே, அதே கிழங்கு. நன்னாரியின் மணம் அதற்கும் உண்டு, அதனால்தான் கடையில் மாற்றி விற்க முடிகிறது. அண்மையில் படித்து முடித்த ஒரு பெண் மருத்துவர் கைலென்சை வைத்து இரண்டின் குறுக்குவெட்டையும் பார்த்தார். "ஆசான் சொல்வது சரி" என்று லென்சை அவரிடமே நீட்டினார். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று கூட்டம் கலைய நெடுநேரம் ஆயிற்று. யாரும் நாற்காலியில் உட்காரவில்லை.

அடுத்த மாதம் முதல் சரக்கைச் சேர்ந்து வாங்கினோம். யார் தேர்ந்தெடுத்தார், எங்கே வாங்கினோம் என்று ஒரு பேரேடு. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு மாதிரி கண்ணாடிப் புட்டியில். அதன்பின் சங்கத்தின் பெயரை முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுதுகூடத் தேவைப்படவில்லை.

சேர்ந்து வேலை செய்தால் ஒற்றுமை தானே வரும் என்று நான் கண்டது புதிதல்ல. சென்னையில் 1944-இல் இந்திய மருத்துவர்கள் கூட்டுறவு மருந்துச் செய்நிலையம் தொடங்கப்பட்டது. இம்ப்காப்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த நிறுவனம் இன்றும் திருவான்மியூரில் இயங்குகிறது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் சேர்ந்த மருத்துவர்களே அதன் பங்குதாரர்கள். கொள்கை பேசினால் ஒரே மேடையில் அமர யோசிக்கும் மூன்று முறையினர், ஒரே மருந்துச் சாலைக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். அவரவர் வீட்டுக் கல்வத்தில் அரைத்து, கைபாகத்தை மகனுக்கு மட்டும் சொல்லி வந்த ஒரு தொழில், செய்முறையை அச்சிட்டுப் பொதுவில் வைத்தது. தமிழ்நாட்டில் நம்மவர்கள் செய்த ஒற்றுமை முயற்சிகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். தீர்மானங்களுக்காகக் கூடிய மாநாடுகள் எத்தனையோ மறைந்துவிட்டன. இது நிற்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு பாடம் இருக்கிறது. 1921-இல் சென்னை மாகாண அரசு, முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவம் குறித்து ஒரு குழு அமைத்தது. கேள்விப் பட்டியல் அனுப்பி வைத்தியர்களிடம் பதில் கேட்டது. அறிக்கை 1923-இல் வந்தது. அதையொட்டித்தான் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. நீங்கள் இன்று வாங்கும் பட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆயுர்வேதத்தாருக்கு 1907 முதலே அகில இந்திய அளவில் ஒரு மாநாட்டு அமைப்பு இருந்தது. அரசு கேள்வி கேட்கும் நாளில், பதிலை ஏற்கெனவே கூடிப் பேசி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. கேள்வி வந்த பிறகு கூடத் தொடங்குபவர்கள் பின்தங்கத்தான் செய்வார்கள்.

கேள்வி அரசிடமிருந்துதான் வரும் என்பதில்லை. 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஐந்தில் ஒன்று. உலோகங்களிலிருந்து செந்தூரமும் பற்பமும் செய்யும் நமக்கும் அது கேள்விதான். நம்மில் பலர் கொதித்தார்கள். முறைப்படி சுத்தி செய்து புடமிட்ட மருந்து வேறு, கச்சா உலோகம் வேறு என்றார்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் எங்கள் உறுப்பினர்கள் கொடுத்த செந்தூரம் இத்தனை, ஆய்வகச் சோதனை முடிவு இது, நோயாளிகளின் சிறுநீரக, ஈரல் பரிசோதனை முடிவு இது என்று மேசையில் வைக்க ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். தனி மருத்துவர் ஒருவரால் அதை உருவாக்க முடியாது. கவனியுங்கள், அந்தக் கட்டுரையை வெளியிட்டதே ஒரு மருத்துவர் சங்கத்தின் இதழ்தான். சங்கம் என்றால் அவர்களுக்கு ஆய்விதழ். நமக்குப் பெரும்பாலும் கோரிக்கை மனு.

பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றானதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். ஜிம்பாப்வே 1980 ஏப்ரலில் விடுதலை அடைந்தது. அங்கே பாரம்பரிய வைத்தியர்களுக்குப் பல சங்கங்கள், ஒன்றோடொன்று போட்டி. அதே ஆண்டு ஜூலையில் சுகாதார அமைச்சர் ஹெர்பர்ட் உஷெவொகுன்ஸே முன்முயற்சி எடுக்க, எல்லோருக்குமாக ஜினாதா என்ற தேசியச் சங்கம் அமைந்தது. கோர்டன் சாவுன்டுக்கா என்ற சமூகவியல் பேராசிரியர் தலைவரானார். 1981-இலேயே வைத்தியர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. அமைச்சரின் ஆர்வம் பெரிய வரம்தான். ஆனால் மேலிருந்து வரும் ஒற்றுமை அமைச்சர் மாறினால் தளரக்கூடும். கீழே வைத்தியர்கள் கூடிச் செய்யும் அன்றாட வேலை இருந்தால்தான் அது தாங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பரம்பரை வைத்தியர்களைப் பற்றி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். சட்டம் தெளிவாக இருக்கிறது. கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், உரிய தகுதியும் பதிவும் இல்லாதவர் பரம்பரையைக் காட்டி மருத்துவத் தொழில் செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்புக்கு அது வேண்டும், அதை நான் ஏற்கிறேன். ஆனால் அன்று நன்னாரி வேரை முறித்துக் காட்டிய ஆசானின் விரல்களுக்குத் தெரிந்தது அவரோடு போய்விட்டால் நட்டம் நமக்கு. நோயாளியைத் தொடும் உரிமை பட்டமும் பதிவும் பெற்றவருக்கு. சரக்கை அடையாளம் காண்பதிலும், புடத்தின் பக்குவம் பார்ப்பதிலும், ஏட்டுப் பாடத்திற்குப் பொருள் சொல்வதிலும் பெரியவர்களுக்குச் சங்கத்தில் முறையான இடம், மதிப்பு, ஊதியம். இந்த வேலைப் பிரிவினையை விதியாக எழுதிவைக்கும் துணிவு ஒரு சங்கத்திற்கு இருந்தால் பட்டதாரி, பரம்பரை என்ற சண்டை பாதி அடங்கிவிடும்.

இன்னொரு துணிவும் வேண்டும். நீரிழிவையும் புற்றுநோயையும் முற்றாகக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இருந்தும் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அப்படிச் செய்பவர் நம் உறுப்பினர் என்றால், அவரை முதலில் அழைத்து விசாரிக்க வேண்டியது நம் சங்கம். தன் உறுப்பினரை நீக்கியே இராத சங்கத்தின் உறுப்பினர் அட்டைக்கு நோயாளியிடம் என்ன மதிப்பு?

இந்த அரங்கில் பாதிக்கு மேல் பெண்களைப் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நான் போகும் சங்கக் கூட்டங்களில் நிர்வாகிகள் வரிசையில் ஒருவரோ இருவரோதான். இரவு எட்டு மணிக்கு லாட்ஜ் மாடியில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று சொல்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, மருத்துவமனையிலேயே வையுங்கள் என்று கேளுங்கள். கேட்டு மாற்றியிருக்கிறோம், அரங்கு நிறைந்தது.

ரசீதுப் புத்தகத்தோடு வருபவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சந்தா கொடுங்கள். போன ஆண்டுக் கணக்கு எங்கே? உறுப்பினர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்ன? குணமாகாத நோயாளியைப் பற்றிக் கூட்டத்தில் பேச இடம் உண்டா? பதில் இல்லையென்றாலும் சேருங்கள். சேர்ந்தபின், அடுத்த கூட்டத்திற்கு உங்கள் நோயாளிக் குறிப்பேடு ஒன்றையும், நீங்கள் வாங்கும் சரக்கில் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.