ஏட்டில் ஏறியதும் ஏறாததும்



ஆடுகளத்துக்கே வாழ்நாளைக் கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. அவர் பெயரால் அமைந்த மேடையில், களத்தின் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவரின் வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். எழுதப்படாத ஆட்டம், ஆடியவரோடும் பார்த்தவரோடும் மறைந்துவிடும். எழுதப்பட்ட ஆட்டமோ பின்னால் வருகிறவர்களின் ஆட்டத்தையே மாற்றும் வல்லமை கொண்டது. தொழில்முறைக் கூடைப்பந்தின் தொடக்க ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் சான்று சொல்கின்றன.

1. டொராண்டோவில் முதல் ஆட்டம்

1946 ஜூனில் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் என்ற புதிய லீக் தொடங்கப்பட்டது. அதற்கு முதல் போட்டவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளிலும் அரங்கம் நிறைய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 11 அணிகள் சேர்ந்தன. 1949இல் இந்த லீக் இன்னொரு லீக்கோடு இணைந்துதான் இன்று உலகம் அறிந்த என்பிஏ ஆனது.

முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று கனடாவின் டொராண்டோவில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்தது. டொராண்டோ ஹஸ்கீஸ் அணியை நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் எதிர்கொண்டது. ஹஸ்கீஸ் வீரர் ஜார்ஜ் நாஸ்ட்ராண்டின் உயரம் 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமானவருக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். 7,090 பேர் வந்தார்கள்.

நியூயார்க்கின் ஆஸி ஷெக்ட்மன் முதல் கூடையைப் போட்டார். இடைவேளையில் நியூயார்க் 37–29 என்று முன்னணியில் இருந்தது. மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது டொராண்டோ 48–44 என்று முந்தியிருந்தது. கடைசியில் 68–66 என்று நியூயார்க் வென்றது. ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்ற அணியின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான எட் சடோவ்ஸ்கி: 18 புள்ளி. வென்ற அணியில் லியோ காட்லீப் 14, ஷெக்ட்மன் 11.

அந்தப் பருவத்தோடு ஹஸ்கீஸ் அணி கலைந்துவிட்டது. ஷெக்ட்மனும் அந்த லீக்கில் ஆடியது ஒரே ஒரு பருவம்தான். ஆனாலும் 70 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அவர்கள் பெயரை நாம் சொல்கிறோம் என்றால், அன்றிரவு ஒருவர் தவறாமல் எழுதி வைத்ததே காரணம்.

2. எண்கள் சொல்லும் ஆட்டம்

அந்த முதல் பருவத்தின் கணக்கைப் படித்தால் ஆட்டம் கண்முன் விரிகிறது. லீக் முழுவதிலும் கூடையை நோக்கி எறிந்த நூறு பந்துகளில் 28 கூட உள்ளே விழவில்லை. தரையில் காலூன்றி, இரண்டு கையாலும் பந்தை எறிவதே அன்றைய பெரும்பாலோரின் முறை. குதித்தெழுந்து எறிவதில் முன்னோடியான ஃபிலடெல்ஃபியாவின் ஜோ ஃபல்க்ஸ் 60 ஆட்டங்களில் 1,389 புள்ளி குவித்தார். ஆட்டத்துக்குச் சராசரி 23.2. அவருக்கு அடுத்து வந்தவரின் சராசரி 16.8தான். ஆட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை அந்த இடைவெளி அன்றே காட்டிவிட்டது.

சிறிய எண்ணுக்கும் பெரிய பொருள் உண்டு. 1947–48 பருவத்தில் நியூயார்க் அணிக்காக வாட் மிசாகா என்பவர் மூன்றே ஆட்டங்கள் ஆடி 7 புள்ளி எடுத்தார். ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அந்த லீக்கில் ஆடிய வெள்ளையர் அல்லாத முதல் வீரர். ஜப்பானோடு நடந்த போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அமெரிக்காவில் அவர் களமிறங்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 7 புள்ளியை ‘அற்பம்’ என்று எவரேனும் விட்டிருந்தால், ஒரு வரலாற்றின் சான்று போயிருக்கும்.

3. எண்ணாமல் விட்டவை

கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டின் கணக்கு 1950–51 பருவத்தில்தான் தொடங்கியது. ஒருவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற கணக்கு அதற்கடுத்த பருவத்தில் வந்தது. பந்தைப் பறிக்கும் ஸ்டீல், எதிராளி எறியும் பந்தைத் தடுக்கும் பிளாக் ஆகிய இரண்டும் 1973–74 வரை லீக்கின் கணக்கிலேயே இல்லை. ஆகவே டொராண்டோ ஆட்டத்தில் நாஸ்ட்ராண்ட் எத்தனை ரீபவுண்ட் எடுத்தார் என்று லீக்கின் ஏட்டில் தேடிப் பயனில்லை.

பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 முறை பாஸ்டன் அணிக்குப் பட்டம் வென்று தந்தவர். அவருடைய 21,620 ரீபவுண்ட் பதிவாகியிருக்கிறது. தடுப்பாட்டத்தின் இலக்கணத்தையே மாற்றிய அவருடைய பிளாக்குகளுக்கு மட்டும் கணக்கு இல்லை. அவர் ஓய்வு பெற்றது 1969இல். அந்தக் கட்டம் ஏட்டில் திறந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. புள்ளி எடுப்பதை மட்டுமே ஆட்டம் என்று நினைத்த காலம், காப்பவனின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை இனி யாராலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

4. கணக்கு பிறப்பித்த விதி

1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. லேக்கர்ஸின் நெட்டை வீரர் ஜார்ஜ் மைக்கனுக்குப் பந்து போகாமலிருக்க, பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக் காலம் கடத்தியது. அந்த 18இல் 15 புள்ளி மைக்கனுடையது. இப்படிப்பட்ட ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

இதற்கு மருந்து சிராக்யூஸ் அணியிலிருந்து வந்தது. அதன் உரிமையாளர் டேனி பயசோன் பழைய ஏடுகளைப் புரட்டினார். விறுவிறுப்பாக நடந்த ஆட்டங்களில் ஓர் அணி ஏறத்தாழ 60 முறை கூடையை நோக்கி எறிந்திருந்தது. இரு அணிக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. அதை 120ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954–55 பருவத்தில் அமலுக்கு வந்தது. ஓர் அணியின் சராசரிப் புள்ளி 79.5இலிருந்து 93.1க்கு ஒரே பருவத்தில் உயர்ந்தது. யாரோ பொறுப்போடு எழுதிய எண்கள் ஒரு விளையாட்டைக் காப்பாற்றின.

5. நம் கடமை

மாணவர்களே, பள்ளியிலும் கல்லூரியிலும் போட்டி முடிந்ததும் ஸ்கோர் ஷீட் குப்பைக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இனி அப்படி விடாதீர்கள். தேதி, இடம், களமிறங்கிய ஒவ்வொருவரின் முழுப்பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். புள்ளி எடுத்தவரோடு பந்தைக் கொடுத்தவரையும், ரீபவுண்ட் எடுத்தவரையும், தடுத்தவரையும் எழுதுங்கள். மாற்று ஆட்டக்காரராக இரண்டு நிமிடம் ஆடியவரையும் விடாதீர்கள். ஆண்டுதோறும் அவற்றைத் தைத்து நூலகத்தில் வையுங்கள். எந்த எண் நாளை எதற்கு உதவும் என்று இன்று எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆகவேதான் அனைத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.